பத்துக் கேள்விகளும் ஒரு மதிப்பெண்ணும்

சிறுவயதில் அடி, வசை, பாலியல் தொல்லை, புறக்கணிப்பு என்று அனுபவித்தவர்களுக்குக் கல்லூரி வயதில் மனச்சோர்வு அதிகம் வருகிறது. இந்த முடிவோடு வரும் ஆய்வுக் கட்டுரைகளைச் சில மாதங்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் மென்பொருள்காரன், உளவியல் படித்தவன் கிடையாது. ஆனால் ஒரு எண் எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்ப்பது எங்கள் பிழைப்பிலும் உண்டு. முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த எண்ணை எடுக்கும் விதத்திலும், எடுத்தபின் பயன்படுத்தும் விதத்திலும்தான் சிக்கல்.

பெரும்பாலான கட்டுரைகளின் அமைப்பு ஒன்றுதான். மாணவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு படிவங்கள் தருவார்கள். முதலாவது, 18 வயதுக்குள் இதெல்லாம் உங்களுக்கு நடந்ததா என்று கேட்கும். இரண்டாவது, இப்போது மனநிலை எப்படி என்று கேட்கும். பிஎச்க்யூ-9 இதில் பிரபலம்: கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண், 10 வந்தால் கவனிக்க வேண்டும். இரண்டு எண்களும் சேர்ந்து ஏறுகின்றனவா என்று பார்த்துவிட்டு, 'தொடர்பு உண்டு' என்று முடித்துவிடுவார்கள்.

முதல் படிவத்துக்குப் பல இடங்களில் பயன்படுவது ஏஸ் என்ற வினாநிரல். அதன் வேர் 1998-ல் இருக்கிறது. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா குழுவினர் அமெரிக்காவின் சான் டியாகோவில், கைசர் பெர்மனென்டேயின் மருத்துவப் பரிசோதனைக்கு வந்த 9,508 பேரிடம் நடத்திய ஆய்வு அது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைச் சொன்னவர்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், எதுவும் சொல்லாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை இருந்தது. பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் அவர்களின் சராசரி வயது 56! கல்லூரி மாணவனை மனதில் வைத்துச் செய்த வேலையே இல்லை அது.

ஏழு வகையாக இருந்தது பிறகு பத்தானது. ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றால் ஒரு புள்ளி. ஆண்டுக்கணக்கில் நீடித்த பாலியல் வன்முறைக்கும் ஒரு புள்ளி, பெற்றோர் பிரிந்ததற்கும் ஒரு புள்ளி. கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே வீட்டைப் பற்றியவை. வாத்தியார் பிரம்பால் விளாசியது எந்தக் கட்டத்திலும் வராது. இந்திய அரசு 2007-ல் 13 மாநிலங்களை வைத்து வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் பிள்ளைகளில் 65 விழுக்காட்டினர் பள்ளியில் உடல் தண்டனை பெற்றதாகச் சொன்னார்கள். அந்தப் பத்துக் கேள்விகளை அப்படியே கொண்டுவந்து நம் கல்லூரிகளில் கேட்டால், அந்தப் பிள்ளைகளில் பலர் 'பூஜ்யம்' என்று பதிவாவார்கள்.

அடுத்தது நினைவு. 2019-ல் ஜெஸ்ஸி பால்ட்வின் குழுவினர் 16 ஆய்வுகளைத் திரட்டினார்கள். மொத்தம் 25,471 பேர். சிறுவயதிலேயே துன்புறுத்தல் பதிவானவர்களில் 52 விழுக்காட்டினர், வளர்ந்தபின் கேட்டபோது அதைச் சொல்லவில்லை. வளர்ந்தபின் சொன்னவர்களில் 56 விழுக்காட்டினருக்கு அக்காலப் பதிவு எதுவும் இல்லை.

'அப்போ பாதிப்பேர் கதை விடுறாங்களா?' என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் புகார் வேறு, சர்வர் லாக் வேறு. இரண்டும் பொருந்தாவிட்டால் புகாரைத் தூக்கி எறிய மாட்டோம். எதை எழுதச் சொன்னோமோ அதுதானே லாக்கில் இருக்கும்? குழந்தைக்கு வீட்டில் நடப்பதை யார் பதிவு செய்கிறார்கள்?

2020-ல் ஆண்ட்ரியா டனீசி, கேத்தி விடம் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. 1967 முதல் 1971 வரையிலான அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் இருந்த குழந்தைகளையும், ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட வேறு குழந்தைகளையும் அவர்கள் வளர்ந்தபின் சந்தித்துக் கேட்டார்கள். ஆவணம் இருந்தும் தாங்களாகச் சொல்லாதவர்களிடம் மனநோய் அபாயம் பெரிதாக இல்லை. தாங்களே சொன்னவர்களிடம் அது அதிகம், ஆவணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இதை இருவிதமாக வாசிக்கலாம். மனம் சோர்ந்திருப்பவருக்குக் கசப்பான நினைவுகளே முதலில் மேலே வரும், அதனால் இன்றைய சோர்வு பழைய நினைவுக்குச் சாயம் பூசியிருக்கலாம். அல்லது, அந்த நினைவு இன்னும் உயிரோடு இருப்பதே சோர்வுக்குக் காரணமாக இருக்கலாம். ஒரே நாளில் இரண்டு படிவம் கொடுக்கும் ஆய்வால் இவற்றைப் பிரித்துச் சொல்லவே முடியாது. அப்படியிருந்தும் பல கட்டுரைகள் முடிவுரையில் 'காரணம்' என்ற சொல்லைச் சாதாரணமாக எழுதிவிடுகின்றன. என் முக்கியமான குறை இதுதான்.

இந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு, வாய்திறந்து சொல்லும் மாணவியை 'ஆதாரம் எங்கே?' என்று மடக்கக் கூடாது. ஆவணம் இல்லாமல் சொன்னவர்களிடமும் அபாயம் அதிகம் என்பதுதானே மேலே பார்த்த முடிவு? உதவி தேவை என்பதற்கு அவள் சொல்வதே போதும். வழக்கு நடத்துவதற்கு வேண்டுமானால் சாட்சி வேண்டும், காது கொடுப்பதற்கு எதற்கு?

மறுபக்கம், ஏஸ் மதிப்பெண்ணை வைத்துத் தனி ஆளுக்கு ஜாதகம் கணிப்பதும் தப்பு. அதைச் செய்யாதீர்கள் என்று 2020-ல் எழுதியவர்களில் ஒருவர், அந்த ஆய்வைத் தொடங்கிய ராபர்ட் ஆண்டாவேதான். கூட்டத்துக்குப் பொருந்தும் சராசரி, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆறு வாங்கியவர் நன்றாக இருக்கலாம், ஒன்று வாங்கியவர் உடைந்து போயிருக்கலாம்.

கல்லூரிகள் படிவம் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. கேட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போவதுதான் உறுத்துகிறது. பழையதைக் கிளறும் கேள்வியைக் கேட்டால், அன்றே பேச ஒரு ஆளும் அங்கே இருக்க வேண்டும். இதை வாசிக்கும் உங்களுக்கே பேச வேண்டும் போலிருந்தால் 14416, அரசின் டெலிமானஸ் எண். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.