வாய் அவனுடையது, விரல் அவளுடையது

பெண்ணியத் திறனாய்வில் நாம் மிகுதியாகப் புழங்கிய சொல் ‘குரல்’. மறுக்கப்பட்ட குரல், மீட்டெடுக்கப்பட்ட குரல், தன் குரலில் பேசும் பெண் என்று எத்தனையோ தொகுப்புகளுக்கும் ஆய்வேடுகளுக்கும் அந்தச் சொல்லே தலைப்பாக நிற்கிறது. அதனால் நாம் பெற்றது அதிகம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு படைப்புக்குள் இருக்கும் பெண் தொடக்கம் முதல் முடிவுவரை வாயே திறக்கவில்லை என்றால், அவளை எப்படி வாசிப்பது? 1929இல் பதிவான ஒரு ப்ளூஸ் பாட்டைச் சாதாரண மரக் கிட்டாரில் வாசிக்கப் பழகிவரும்போது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

பாட்டின் பெயர் ‘வென் த லெவி பிரேக்ஸ்’. கரை உடையும்போது என்று சொல்லலாம். 1929 ஜூன் மாதம் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவு செய்யப்பட்டது. இசைத்தட்டில் இரண்டு பெயர்கள்: கான்ஸாஸ் ஜோ, மெம்பிஸ் மின்னி. அப்போது அவர்கள் கணவன் மனைவி. பாடுவது ஜோ மெக்காய். மின்னி ஒரு சொல்லும் பாடவில்லை, கிட்டார் மட்டும் வாசிக்கிறார். பாட வராததால் அல்ல. அதே நியூயார்க் பதிவின்போதே ‘பம்பிள் பீ’ என்ற பாட்டை அவர் பாடியிருக்கிறார். அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்துக்காக மறுபடி பாடியபோது அதுவே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடியும் வாசித்தும் வாழ்ந்தவர்.

மின்னியின் இயற்பெயர் லிஸ்ஸி டக்ளஸ். 1897இல் பிறந்தவர். மிசிசிப்பி ஆற்றுக்குப் பக்கத்திலுள்ள வால்ஸ் என்ற சிற்றூரில் வளர்ந்து, பதின்மூன்று வயதளவில் வீட்டைவிட்டு ஓடி, மெம்பிஸ் நகரின் பீல் தெருவில் கிட்டார் வாசித்துப் பிழைத்தவர். ஆறும் கரையும் அவருக்குக் கேள்விச் செய்திகள் அல்ல.

பாட்டின் பின்னணி 1927ஆம் ஆண்டின் மிசிசிப்பி வெள்ளம். அந்த ஏப்ரல் 21 அன்று மவுண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் கரை உடைந்தது. அருகிலுள்ள கிரீன்வில் நகரில் ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் கரையின் மேலேயே கூடாரங்களில் கிடந்தார்கள். அவர்களைப் படகேற்றி அனுப்பிவிட்டால் பருத்தித் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று தோட்ட முதலாளிகள் தடுத்தார்கள். துப்பாக்கிக் காவலில் ஆண்களிடம் வேலை வாங்கப்பட்டது. அங்கிருந்த நிவாரணக் குழுவின் உத்தரவுகளில் ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கறுப்பினப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ரேஷன் வேண்டுமானால் அந்தக் குடும்பத்தில் ஆண் யாரும் இல்லை என்று ஒரு வெள்ளையர் சான்று தர வேண்டும். ஆண் இருந்தால் அவன் உழைப்பின் கணக்கில் அவளுக்குச் சோறு. இல்லையென்றால் இல்லை என்பதற்கு இன்னொருவரின் கையெழுத்து. அவள் தன் பெயரில் ஒரு கணக்காக வர இடமே கிடையாது.

இந்தப் பாட்டிலும் அவளுக்குத் தன் பெயரில் ஒரு வரி கிடையாது. மழை ஓயாததையும் கரை உடையப்போவதையும், அழுகையும் வேண்டுதலும் கைகொடுக்காததையும் ஓர் ஆண் தன்னிலையில் சொல்லிக்கொண்டு போகிறான். சொற்களை மட்டும் எழுதிவைத்து வாசித்தால் அது முழுக்க முழுக்க அவனுடைய பாட்டு. கிட்டாரைக் கையில் எடுத்தால்தான் அவள் வருகிறாள்.

முதலில் சுருதி. வழக்கமாகக் கூட்டிய கிட்டாரில் தடித்த கம்பிகள் இரண்டையும் மிக மெல்லிய கடைசிக் கம்பியையும் ஒரு முழுச் சுரம் கீழே இறக்க வேண்டும். அப்போது எந்த ஃப்ரெட்டிலும் விரல் வைக்காமல் ஆறு கம்பிகளையும் மீட்டினாலே ஒரு முழுக் கார்ட் ஒலிக்கும். இதை ‘ஓப்பன் ஜி’ என்பார்கள். ப்ளூஸ்காரர்களிடையே ‘ஸ்பானிஷ்’ என்ற பெயரும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வீட்டுக் கூடங்களில் கிட்டார் பழகியவர்கள் வாசித்த ‘ஸ்பானிஷ் ஃபேண்டாங்கோ’ என்ற சிறிய உருப்படியிலிருந்து இந்தப் பெயர் வந்ததாகச் சொல்லப்படுகிறது. கூடத்துக் கிட்டார் அந்தக் காலத்தில் பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்துப் பெண்களின் பொழுதுபோக்கு. அந்தச் சுருதிதான் பருத்திக்காட்டுக்கும் தெருமுனைக்கும் வந்து சேர்ந்து மின்னியின் விரலில் வேறு வேலைக்குப் போகிறது.

இந்தச் சுருதியால் இடது கைக்கு ஒரு விடுதலை கிடைக்கிறது. கார்ட்டைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வலது கையின் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் அடித்தளத்தைப் பார்த்துக்கொள்ள, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் சிறு சொற்றொடர்களைப் போலச் சுரங்களைக் கொத்தி எடுக்கின்றன. பதிவில் இருப்பது இரண்டு கிட்டார்கள். ஜோ தாளத்துக்காக மீட்டிக்கொண்டே போகிறார். அதன் மேல் மின்னியின் விரல்கள் ஒவ்வொரு சுற்றிலும் வெவ்வேறு விதமாக ஓடுகின்றன. வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்டபோது ஒரே இடத்தில் அவர் மூன்று முறை மூன்று விதமாக வாசிப்பது கேட்கிறது. எழுதிவைத்து மனப்பாடம் செய்யும் பழக்கமுள்ள எனக்கு எந்த ‘பாடத்தை’ எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சுவடிப் பதிப்பில் பாடபேதம் பார்ப்பதைப் போலப் பக்கவாட்டில் எழுதிவைத்துக்கொண்டேன்.

அடுத்து, பாட்டின் கட்டமைப்பு. பெரும்பாலான ப்ளூஸ் பாட்டுகளைப் போல இதுவும் பன்னிரண்டு பார் கொண்ட சுற்று. ஒரு பாருக்கு நான்கு தட்டு. ஒரு சுற்றுக்கு மூன்று அடி. முதல் அடியே இரண்டாவதாகத் திரும்ப வரும், மூன்றாவது அதற்கு முடிவு சொல்லும். ஓர் அடிக்கு நான்கு பார் இடம் இருக்கிறது. ஆனால் பாடகர் ஏறக்குறைய இரண்டு பாரிலேயே தன் அடியை முடித்துவிடுவார். மிச்சமிருக்கும் இடம் கிட்டாருக்கு. அதாவது பாட்டின் காலத்தில் கிட்டத்தட்டப் பாதியில் சொற்களே இல்லை. பாட்டு வரிகளை அச்சிடும் புத்தகங்களில் அந்தப் பாதி வெற்றிடமாகக்கூட வருவதில்லை. அடுத்த அடி உடனே கீழே வந்து நின்றுவிடுகிறது.

‘கரை உடையும்போது’ பாட்டில் அந்தப் பாதிதான் மின்னியின் பகுதி. அவன் ஓர் அடி சொல்லி நிறுத்துகிறான், அவள் விரல் பதில் சொல்கிறது. அவன் அதே அடியைத் திரும்பச் சொல்கிறான், அவளோ அதே பதிலைத் திரும்பச் சொல்வதில்லை. அவன் பாடும்போதும் அவள் அடங்கிப்போய்விடவில்லை. அவன் சொல்லுக்கு அடியில் நகர்ந்துகொண்டே இருக்கிறாள். சொற்களில் வீடிழந்தவனின் துயரம் கனமாக இருக்க, அவள் வாசிப்போ துள்ளலாக, ஏறக்குறைய ஆட வைப்பதாக இருக்கிறது. மேட்டைத் தேடி ஓடுகிறவர்களின் கால்நடை வேகம் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றும். இது என் வாசிப்பு. ஆனால் அப்படி ஒரு வாசிப்புக்கு இடம் தரும் அளவுக்கு அங்கே ஒரு பிரதி இருக்கிறது, அதை எழுதியவள் ஒரு பெண் என்பதில் ஐயமில்லை.

பழகும்போது ஒன்றைக் கவனித்தேன். வாசித்துக்கொண்டே பாட முயன்றால் விரல்களின் நுணுக்கம் போய்விடுகிறது. சொற்கள் கவனத்தையெல்லாம் இழுத்துக்கொள்ள, கை வெறும் தாளத்துக்கு இறங்கிவிடுகிறது. பாடுவதை நிறுத்தினால் விரல்கள் திரும்பி வருகின்றன. என் பயிற்சிக் குறைவு இதில் பாதிக் காரணம். மின்னி பிற்காலத்தில் இரண்டையும் சேர்த்தே செய்தார். மறுபாதிக் காரணம் குரலின் இயல்பு. கேட்பவரிடமும் அது இதையேதான் செய்கிறது. நான் கிட்டார் பழகுவதாகச் சொன்னபோது கேட்டவர்கள் எல்லோரும், பெண்கள் உட்பட, “என்ன பாட்டுப் பாடுவீங்க?” என்றுதான் கேட்டார்கள். “என்ன வாசிப்பீங்க?” என்று ஒருவரும் கேட்கவில்லை.

அகப்பாடல்களைக் கற்பிக்கும்போது முதல் வகுப்பிலேயே கூற்றைப் பற்றிச் சொல்லிவிடுவேன். பாடலுக்குள் பேசுபவர் ஒருவர், அதை இயற்றியவர் இன்னொருவர். தலைவி கூற்றாக நாம் படிக்கும் பாடல்களில் பெரும்பாலானவை ஆண் புலவர்கள் இயற்றியவை. அங்கே பெண்ணின் வாய், ஆணின் கை. அந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டு எவ்வளவோ கட்டுரைகள் எழுதியிருக்கிறோம். மின்னியிடம் வரும்போது நிலைமை தலைகீழ்: ஆணின் வாய், பெண்ணின் கை. ஆனால் இதற்குரிய சொற்கள் நம்மிடம் குறைவு. ‘பக்கவாத்தியம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. பாடுவதே மையம் என்ற தீர்ப்பை அது முன்கூட்டியே எழுதிவிடுகிறது.

ப்ளூஸைப் பற்றிய பெண்ணிய எழுத்தும் பெரும்பாலும் குரல் வழியாகவே நடந்திருக்கிறது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1920இல் மேமி ஸ்மித்தின் ‘கிரேஸி ப்ளூஸ்’ இசைத்தட்டு விற்பனையில் வென்ற பிறகு, அந்தப் பத்தாண்டின் பெரும் நட்சத்திரங்கள் மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் முதலான பாடகிகளே. அவர்கள் பாட, பியானோவும் ஊதுகருவிகளும் பெரும்பாலும் ஆண்கள் கையில் இருந்தன. ஏஞ்சலா டேவிஸ் 1998இல் எழுதிய ‘ப்ளூஸ் லெகஸிஸ் அண்ட் பிளாக் ஃபெமினிஸம்’ அந்தப் பாடகிகளின் பாட்டு வரிகளைக் காதால் கேட்டு எழுதிச் சேர்த்து, உழைக்கும் கறுப்பினப் பெண்களின் சிந்தனையை அவற்றில் காட்டிய நூல். நம் எல்லோருக்கும் அதில் கடன் இருக்கிறது. ஆனால் அந்த முறையை இந்தப் பாட்டில் அப்படியே பொருத்தினால் கிடைப்பது ஜோ மெக்காய் மட்டுமே.

மின்னியின் கையைக் கேட்ட எழுத்தாளர் ஒருவர் உண்டு. லாங்ஸ்டன் ஹ்யூஸ் 1943 ஜனவரியில் ‘சிகாகோ டிஃபெண்டர்’ இதழில் அவருடைய புத்தாண்டு இரவு நிகழ்ச்சியைப் பற்றி எழுதினார். அப்போது மின்னி மின்சாரக் கிட்டாருக்கு மாறியிருந்தார். கண்ணாடி அணிந்து, பார்வைக்குப் பள்ளி ஆசிரியையைப் போல இருக்கும் அந்தப் பெண்ணின் கிட்டாரில் எஃகாலையின் இரைச்சலைக் கேட்டதாக அந்தக் கவிஞர் பதிவு செய்கிறார். மற்றபடி மின்னியைப் பற்றி மிகுதியாகத் திரும்பச் சொல்லப்படும் பாராட்டு, அவர் ஆணுக்கு நிகராக வாசித்தார் என்பது. பிக் பில் ப்ரூன்ஸி போன்ற பெரிய கலைஞர் சொன்னதுதான். ஒரு போட்டியில் மின்னியிடம் தோற்றதையும் அவரே சொல்லியிருக்கிறார். அளவுகோல் மட்டும் ஆணுடையதாகவே இருக்கிறது.

இந்தப் பாட்டின் பிற்கால வரலாறு இன்னும் விசித்திரம். 1971இல் லெட் செப்பலின் இதைத் தங்கள் நான்காவது ஆல்பத்தில் பாடினார்கள். உலகம் இன்று அறிந்திருப்பது அந்த வடிவத்தைத்தான். ஒரு பழைய மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் வைத்துப் பதிவு செய்த டிரம்ஸ் ஒலிதான் அதன் பெருமை. ஆக்கியோர் வரிசையில் இசைக்குழுவினர் நால்வரோடு ஐந்தாவதாக மெம்பிஸ் மின்னியின் பெயர் இருக்கிறது. பெண்ணுக்கு உரிய இடம் கிடைத்துவிட்டது என்று மகிழலாம். ஆனால் அந்த வடிவம் பழைய பதிவிலிருந்து எடுத்துக்கொண்டது முக்கியமாகச் சொற்களை. அவை ஜோ பாடியவை. மின்னி வாசித்த இசை அதில் இல்லை. ஜோவின் பெயரும் இல்லை. எது அவளுடையதோ அதை விட்டுவிட்டு, எது அவளுடையது என்று உறுதியில்லையோ அதற்கு அவள் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

நம் தரப்பிலும் இந்தச் சபலம் உண்டு. பாட்டு முழுவதும் மின்னியுடையதே, ஆண் பெயர் ஒட்டிக்கொண்டது என்று ஒரு கட்டுரை எழுதிவிடுவது எளிது; கைத்தட்டலும் கிடைக்கும். ஜோவின் சொற்களை எடுத்து அவளுக்குக் கொடுத்தால் அவளும் ‘குரல்’ உள்ளவளாகிவிடுவாள். ஆனால் அப்படிச் செய்யும்போது, சொல்தான் படைப்பு, விரல் வேலை வெறும் துணை என்ற பழைய தரவரிசையை நாமே உறுதி செய்கிறோம். அவள் செய்ததை அவள் செய்ததாகவே மதிப்பது அதைவிடக் கடினம். அதற்கு வரிகளைப் படித்தால் போதாது. கம்பியைப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, குறைந்தது இடைவெளிகளைக் கேட்கப் பழக வேண்டியிருக்கிறது. சமையலறையிலும் தறியிலும் நாற்றங்காலிலும் பேசாமல் நடக்கும் பெண்களின் கைவேலையைப் பற்றி எழுதும்போதும் இதே சிக்கல்தான் நமக்கு வருகிறது: அவள் அதைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று தேடுகிறோம்; செய்ததை வாசிக்கத் தெரியவில்லை.

மின்னி 1973இல் மெம்பிஸில் வறுமையில் இறந்தார். பக்கவாதம் தாக்கிய பிறகு கிட்டார் வாசிக்க முடியாமல் பல ஆண்டுகள் கிடந்தார். வால்ஸில் உள்ள அவர் கல்லறைக்கு 1996இல்தான் கல் வைக்கப்பட்டது. செலவை ஏற்றவர் போனி ரைட், அவரும் கிட்டார் வாசிக்கும் பெண்.

பாட்டுக்குத் திரும்பினால், ஒவ்வொரு சுற்றின் கடைசி இரண்டு பாரும் எனக்கு இன்னும் சரியாக வசப்படவில்லை. மூன்றாவது அடி முடிந்துவிடும், ஜோ பேசாமல் நிற்பார். பாட்டை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டிய பொறுப்பு முழுவதும் அந்த எட்டுத் தட்டுக்குள் மின்னியின் விரல்களுக்கு. அவர் திருப்பிக்கொண்டு வந்து விட்ட பிறகுதான் ஜோ அடுத்த அடியைத் தொடங்க முடிகிறது.