போய் வருகிறேன்: ஜப்பானியத் தொடர்களின் தமிழ் வசனம் பற்றி

ஜப்பானியச் சித்திரத் தொடர்களுக்கு ‘அனிமே’ என்று பெயர். இப்பெயரை நம் இல்லத்துப் பிள்ளைகள் நம்மினும் நன்கறிவர். செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம்வரை ஓடும் மின்சார ரயிலில் கைப்பேசியைக் குனிந்து பார்த்தவண்ணம் செல்லும் மாணாக்கருள் பலர் கண்டு களிப்பவை இவையே. அவர்களிடையே ஒரு வழக்கு நெடுநாளாக நடந்து வருகின்றது. ஜப்பானியப் பேச்சைக் கேட்டுக்கொண்டே அடியில் ஓடும் சப்டைட்டிலைப் படிப்பதே முறை என்பர் ஒரு சாரார். தமிழ்க் குரலில் கேட்பதே இன்பம் என்பர் மறு சாரார். இதனினும் கூர்மையானது, மொழிபெயர்த்தவர் தேர்ந்த சொல் சரியா, தவறா என்னும் வழக்கு.

பொழுதுபோக்கைப் பற்றிய பூசல்தானே என்று பெரியவர்கள் இதனை ஒதுக்கிவிடக் கூடும். அரபுக் கிதாபைத் தமிழில் எடுத்துரைப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அவ்வாறு ஒதுக்க மனம் வரவில்லை. பிள்ளைகள் எழுப்பும் வினா நல்ல வினா. ஆயினும், அவர்கள் அதனை ஆங்கிலம் பேசுவோரிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டார்கள் என்பதே என் கருத்து. தமிழர் கேட்க வேண்டிய வினா வேறொன்று உண்டு.

முதலில் வரலாற்றைச் சிறிது காண்போம். 2007-இல் சுட்டி டி.வி. தொடங்கியபின் வெளிநாட்டுச் சித்திரத் தொடர்கள் தமிழ் பேசுவது நம் வீடுகளில் அன்றாடக் காட்சியாயிற்று. 2022-இல் ‘நருட்டோ’ தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் சோனி யேய் தொலைக்காட்சியில் வந்தது. 2025 செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்’ வரிசைத் திரைப்படம் ஒன்று ஜப்பானிய மொழியிலும், ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்குக் குரல்களிலும் இந்தியத் திரையரங்குகளில் வெளியாயிற்று. ஆகவே, ஜப்பானியக் கதையைத் தமிழில் சொல்வது இன்று ஒரு தொழிலாகவே நிலைபெற்றுவிட்டது. தொழிலுக்கு இலக்கணமும் வேண்டும் அன்றோ?

ஆங்கிலம் பேசுவோரிடையே எழுந்த வழக்கு என்ன? மூன்று சான்றுகள் போதும். ‘போக்கிமான்’ தொடர் அமெரிக்காவுக்குச் சென்றபோது, கதைமாந்தர் கையிலிருந்த ஒனிகிரி என்னும் சோற்று உருண்டையை, ஜாம் அடைத்த டோநட் என்று ஆங்கில வசனம் கூறிற்று. படத்தில் தெரிவது சோறு. காதில் விழுவது இனிப்புப் பண்டம். இதற்கு நேர்மாறாக, ‘டெத் நோட்’ தொடருக்கு ரசிகர்கள் தாமே ஆக்கியதென வழங்கும் வரியொன்று உண்டு. அதில் ‘கேய்காகு’ என்ற ஜப்பானியச் சொல்லை அப்படியே நிறுத்தி, ‘கேய்காகு என்றால் திட்டம்’ என்று திரையிலேயே குறிப்பும் எழுதப்பட்டிருந்தது. திட்டம் என்றே எழுதியிருக்கலாமே என்று உலகம் நகைத்தது. மூன்றாவது, 2019-இல் ‘எவாஞ்சலியன்’ தொடரை நெட்ஃபிளிக்ஸ் புதிய மொழிபெயர்ப்புடன் வெளியிட்டபோது எழுந்தது. ஒரு பாத்திரம் மற்றொன்றிடம் கூறும் ‘சுகி’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் காதலைக் குறிக்கும் சொல்லாக இருந்தது. புதியதில் வெறும் விருப்பத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று. ரசிகர் பலர் சினந்தனர்.

அடியில் ஓடும் ஒரு சொல்லுக்கு இத்துணை ஆற்றலா என ஐயுறுவோர் நம் கடற்கரையிலேயே விடை காணலாம். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தை ‘அர்ச்சுனன் தபசு’ என்று கேட்டுப் பார்ப்பவர், ஒற்றைக்காலில் நிற்கும் தவசியிடம் வில்லாளனைக் காண்கிறார். ‘கங்கை இறங்குதல்’ என்று கேட்டுப் பார்ப்பவர், அதே தவசியிடம் பகீரதனைக் காண்கிறார். கல் ஒன்றே, அறிஞர் வழக்கு இன்னும் தீரவில்லை. ஐந்து ரதங்களுக்குப் பாண்டவர் பெயர் பிற்காலத்தார் இட்டதே. ஆயினும் அப்பெயரின்றி அவற்றைப் பார்க்க இன்று எவராலும் இயலாது. ஊரின் பெயரும் அவ்வாறே. மாலுமிகளுக்கு அது ‘ஏழு பகோடா’; 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது ‘மகாபலிபுரம்’; நமக்கு மாமல்லபுரம். உருவத்தின் அடியில் இடும் பெயர் பார்க்கும் கண்ணையே திருப்பிவிடும்.

சொல்லுக்குச் சொல்லா, கருத்துக்குக் கருத்தா என்ற இவ்வழக்கு அரபு உலகில் மிகப் பழையது. பதினான்காம் நூற்றாண்டு அறிஞர் ஸஃபதீ, கிரேக்க நூல்களை அரபியாக்கியோர் கையாண்ட இரு நெறிகளை வகுத்துக் காட்டினார். யூஹன்னா இப்னுல் பித்ரீக் போன்றோர் ஒவ்வொரு சொல்லுக்கும் நிகரான சொல்லைத் தேடி வைத்துச் சென்றனர். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோர் வாக்கியம் முழுவதன் கருத்தையும் மனத்தில் வாங்கி, அரபியின் இயல்புப்படி சொன்னார்கள். ஸஃபதீ உயர்த்திப் பேசியது இரண்டாவதையே. ரசிகர்கள் திரையில் எழுதும் குறிப்பும் நமக்குப் புதிதன்று. மத்ரஸா நூல்களின் ஓரத்தில் ஓடும் ஹாஷியாதான் அது. ஆனால் கிதாபைப் படிப்பவன் நிறுத்தி ஓரத்தைப் பார்க்கலாம். திரை அவனுக்காக நிற்பதில்லை. இரண்டு வரி, சில நொடி, அவ்வளவே இடம். ஆகவே திரைக்கு ஹுனைனின் நெறியே பொருந்தும்.

இனித் தமிழர்க்குரிய வினாவுக்கு வருவோம். ஜப்பானிய இல்லத்தில் வெளியே புறப்படுபவர் ‘இத்தேகிமாசு’ என்பார். அதன் நேர்ப்பொருள், ‘போய் வருகிறேன்’ என்பதே. ஆங்கிலத்தில் இதற்கு நிகர் வழக்கு இல்லை. ஆதலால் ஆங்கில வசனம் ‘நான் கிளம்புகிறேன்’ என்னும் பொருளில் அமைகின்றது. அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் எழுதுபவர் என்ன எழுதுவார்? ‘நான் கிளம்புறேன்’, அல்லது ‘பை’. நம் வீட்டில் பிள்ளை வாசற்படியில் நின்று ‘போறேன்’ என்றால் உம்மா பொறுப்பாளா? ‘போய்ட்டு வர்றேன்னு சொல்லுடா’ என்று திருத்தி அனுப்ப மாட்டாளா? டோக்கியோவில் சொன்னதும் செங்கல்பட்டில் சொல்வதும் ஒன்றாகவே இருந்தும், நடுவில் ஆங்கிலம் நின்றதால் அச்சொல் நம்மை வந்து சேரவில்லை.

‘ஷின்சான்’ என்னும் குறும்புச் சிறுவனின் கதையிலும் இதனைக் காணலாம். வெளியிலிருந்து வீடு திரும்புபவர் ‘தடாயிமா’ எனல் வேண்டும். வீட்டிலிருப்பவர் ‘ஒக்காயேரி’ என்று வரவேற்றல் வேண்டும். அச்சிறுவனோ, தானே உள்ளே நுழைந்து தானே ‘ஒக்காயேரி’ என்பான், தாய் திருத்துவாள். உள்ளே வரும் பிள்ளை, வீட்டிலிருக்கும் தாயைப் பார்த்து ‘வாங்க, வாங்க!’ என்றால் நம் வீட்டில் எழும் சிரிப்பே அங்கும் எழுகின்றது. தமிழுக்கு இதில் இடர் ஏதுமில்லை.

மேற்காட்டிய ஆங்கிலச் சிக்கல்களையே மீண்டும் எடுத்துக்கொள்க. சோற்று உருண்டையைத் தமிழ்ப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. ‘சுகி’ என்பதற்குத் தமிழில் ‘பிடிக்கும்’ என்ற சொல் உண்டு. மாம்பழமும் பிடிக்கும், நண்பனும் பிடிக்கும், மணக்க விரும்பும் பெண்ணையும் பிடிக்கும். எந்த அளவு என்பதைச் சூழல் சொல்லும். ஜப்பானியச் சொல்லும் அவ்வாறே விரிந்து நிற்பது. பெயருக்குப்பின் வரும் ‘சான்’, ‘சாமா’ முதலிய மதிப்புச் சொற்களை வைத்துக்கொள்வதா, விடுவதா என்று ஆங்கில ரசிகர் ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர். நமக்கோ அண்ணன், அக்கா, ஐயா, அவர்கள் எனச் சொற்களும், நீ, நீர், நீங்கள், தாங்கள் என அடுக்குகளும் உள்ளன. ‘டீமன் ஸ்லேயர்’ கதையில் இனோசுகே என்னும் முரட்டுச் சிறுவன் தன்னையே ‘ஒரே-சாமா’ என்பான். தன் பெயருக்குத் தானே மதிப்பு விகுதி சேர்த்துக்கொள்ளும் நகைச்சுவை அது. ஆங்கிலம் இதற்குத் திணறும். தமிழிலோ, ‘ஐயா யாருன்னு தெரியுமா?’ என்று மார்தட்டுவோரை எந்தத் தெருவிலும் காணலாம்.

இவ்வொற்றுமைகளைக் கொண்டு இரு மொழிகளும் உறவுடையன என்று நான் சொல்ல வரவில்லை. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ அவ்வாறு வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. உறவு உண்டோ இல்லையோ, பேச்சு மரபில் அருகருகே நிற்பவை கண்கூடு. அருகிலிருக்கும் வீட்டுக்கு ஊரைச் சுற்றிப் போகிறோம் என்பதே என் குறை. பிறமொழிப் படைப்புக்கு முதலில் ஓர் ஆங்கிலப் படியை ஆயத்தம் செய்து, அதிலிருந்து ஏனைய மொழிகளுக்குப் பெயர்ப்பது இத்தொழிலில் பரவலான வழக்கம்.

இதனால் நேரும் இழப்பை அரபு பயின்றோர் எளிதில் உணர்வர். அரபியில் ‘அன்த்த’ என்ற ஒரே சொல் சிறுவனையும் குறிக்கும், மன்னனையும் குறிக்கும். அதனைத் தமிழாக்குபவர் ‘நீ’ என்பதா, ‘தாங்கள்’ என்பதா என இடமறிந்து முடிவு செய்கிறார். மூலம் அங்கே மௌனமாக இருப்பதால் அப்பொறுப்பு அவருடையதாகிறது. ஜப்பானிய மூலமோ மௌனமாக இல்லை. யார் பெரியவர், யார் சிறியவர், யார் பகைவர் என்பதை விளிச்சொல்லிலேயே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைச் சொல் அதனை அழித்துவிட, தமிழ் எழுதுபவர் அழிந்த எழுத்தை ஊகித்து எழுதுகிறார். மாணவன் ஆசானை ‘நீ’ என்பதும், பகைவனைத் ‘தாங்கள்’ என்பதும் இவ்வாறே நேர்கின்றன.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழாலும் எல்லாம் இயலாது. ‘வதாஷி’, ‘போகு’, ‘ஒரே’ என ஜப்பானியத்தில் தன்மைச் சொல் பல. நமக்கு ‘நான்’ ஒன்றே. அவர்கள் பேச்சில் ஆணா பெண்ணா என்று சொல்லாமலே கதையை நகர்த்தலாம். நம் வினைமுற்றோ வந்தான், வந்தாள் என்று மறைவை உடைத்துவிடும். இடைமொழி வழியே வருவதும் தன்னளவில் இழிவன்று. பஞ்சதந்திரம் பாரசீகத்தின் பழைய பஹ்லவி மொழி வழியேதான் இப்னுல் முகஃப்பஃவின் கையில் ‘கலீலா வ திம்னா’ ஆயிற்று. கிரேக்க மருத்துவமும் பெரும்பாலும் ஸிரியாக் மொழி வழியே அரபியை அடைந்தது. ஆனால் அதே ஹுனைன், கிரேக்க மூலப் பிரதிகளைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பழைய மொழிபெயர்ப்புகளைத் திருத்தினார். இடைமொழியைப் பயன்படுத்துவது வேறு; அதனையே மூலமென்று கொள்வது வேறு.

அருகில் இருக்கிறதென்று அளவு கடப்பதும் கூடாது. உண்ணத் தொடங்குமுன் அவர்கள் ‘இதடாகிமாசு’ என்பர். பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன் என்பது பொருள். நம் வீட்டில் அவ்விடத்துக்குரிய சொல் பிஸ்மில்லாஹ். ஆயினும் அதை ஜப்பானியச் சிறுவன் வாயில் வைப்பது அவனுக்கும் அநீதி, அத்திருச்சொல்லுக்கும் அநீதி. உறவுச் சொல்லிலும் கருத்து வேண்டும். காயல்பட்டினத்தில் மூத்தவரைக் ‘காக்கா’ என்பர். அதனைச் செங்கல்பட்டுப் பிள்ளை கேட்டால் வானத்தை நோக்குவான். பொதுவான ‘அண்ணன்’ இருக்க, வட்டார வழக்கு எதற்கு?

இவ்வளவும் ஏன் சொல்ல வேண்டும்? பெரியவரை எவ்வாறு விளிப்பது, வாசலில் எவ்வாறு விடைபெறுவது என்பதைப் பிள்ளைகள் கேட்டுத்தான் கற்கின்றனர். முன்பு வீட்டில் மட்டும் கேட்டார்கள். இன்று நாளுக்குச் சில மணி நேரம் திரையிலும் கேட்கிறார்கள். திரை பேசும் தமிழ் ஆங்கிலத்தின் நிழலாக இருந்தால் அவர்கள் கற்பதும் அந்நிழலையே.

திருத்தம் கைக்கெட்டாத ஒன்றன்று. மொழிபெயர்ப்பாளனுக்கு இரு மொழியிலும் ஒத்த புலமை வேண்டும் என்று ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஜாஹிழ் தம் ‘கிதாபுல் ஹயவானி’ல் வற்புறுத்தினார். அத்தகையோர் நம்மிடையே உருவாகி வருகின்றனர். செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா தொழில்நகரிலும் ஒரகடம் வட்டாரத்திலும் ஜப்பானிய நிறுவனங்கள் இயங்குகின்றன. சென்னையில் ஏ.பி.கே.–ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்னும் அமைப்பு பல்லாண்டுகளாக அம்மொழியைக் கற்பித்து வருகின்றது. இவ்வாறு கற்றவருள் தமிழ்ச் சுவையும் உடைய ஒருவரை அமர்த்தி, ஆங்கிலப் படியிலிருந்து எழுதிய வசனத்தை ஜப்பானிய ஒலியோடு ஒருமுறை ஒப்பிடச் செய்தால் பாதிப் பிழை நீங்கும். மொழிபெயர்த்தவர் பெயரைத் திரையில் தெளிவாகக் காட்டினால் எஞ்சிய பாதிக்கு அவரே பொறுப்பேற்பார்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். இனி ஒரு வசனத்தைப் பற்றி வழக்காடும்போது, ‘இது சொல்லுக்குச் சொல்லா?’ என்று கேட்பதற்குமுன், ‘இது எந்த மொழியிலிருந்து வந்தது?’ என்று கேளுங்கள்.