மூக்கை அளந்தவர் அளக்க மறந்தது

மதுரைக்கு மேற்கே, சமணர் மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் கீழக்குயில்குடி. தாமரைக் குளத்தையும், அய்யனார் கோயிலையும், மலைமீதுள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களையும் காண வருவோர் பலர். 1914இல் இவ்வூர்ப் பிறமலைக் கள்ளர்மீது குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது என்பதை அறிந்தவர் சிலரே. 1918இல் அது அச்சமூகம் முழுவதன்மீதும் விரிந்தது. கைரேகை பதிய மறுத்தபோது, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் உயிரிழந்தனர்.

ஓர் ஊரையே பிறவிக் குற்றவாளிகள் என்று நம்பச் செய்தது எது? அதற்குச் சான்று தேடுவோர் எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலைப் புரட்டலாம். தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத் தலைவர், தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர், உழைப்பாளி. வேண்டுமென்றே அவதூறு எழுதியவராக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் அந்நூல் ஆராயத் தக்கது.

கள்ளர் பற்றிய அவரது பகுதியில் கருவியைவிடக் கத்தரிக்கோலே மிகுதியாக வேலை செய்திருக்கிறது. 1817இல் டர்ன்புல் எழுதிய குறிப்பு, 1868இல் நெல்சன் எழுதிய மதுரை வரலாறு என அதிகாரிகளின் எழுத்துகள் அங்கே அடுக்கப்படுகின்றன. படிப்பவருக்குச் சாட்சிகள் பலர் என்று தோன்றும். ஆனால் முன்னவர் எழுதியதைப் படித்துவிட்டுப் பார்க்கப் போகும் பின்னவரின் கண் தனிச் சாட்சி ஆகுமா?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இது ஆண்டுதோறும் நடக்கிறது. தனி ஊசல் சோதனையில் முதல் மாணவர் ‘9.8’ என்று உரக்கச் சொல்லிவிட்டால், பின்வரும் அனைவருக்கும் 9.8தான் கிடைக்கும். எவரும் பொய் எழுதுவதில்லை. நிறுத்து கடிகாரத்தை அழுத்தும் விரல் தானாகவே இசைந்துவிடுகிறது. இருபது அளவீடுகள் என்பது பெயருக்குத்தான். உண்மையில் இருப்பது ஒன்றே.

முதல் அளவீட்டைச் சொன்னது யார்? குற்றம் இரத்தத்தில் வரும் என்ற அக்கால ஐரோப்பிய நம்பிக்கைக்கு அதில் பங்குண்டு. நமக்கும் உண்டு. தச்சன் மகன் தச்சன், எனவே திருடன் மகன் திருடன் என்ற வாதம் 1871இல் முதற்சட்டம் வந்தபோதே எழுந்தது. அதன் முற்பாதியை ஆங்கிலேயர் நம் வீட்டுத் திண்ணையிலிருந்தே எடுத்துக்கொண்டனர்!

சட்டம் வந்தபின் நிலைமை இன்னும் விபரீதம். இரவில் ஊரில் இல்லாதிருப்பதே குற்றம். வருகையைப் பதியத் தவறுவதும் குற்றம். ஆகவே, தண்டிக்கப்பட்டோர் பட்டியல் நீண்டது. சட்டம் சரி என்பதற்கு அந்தப் பட்டியலே சான்றாயிற்று. அறிவிக்கையை நீதிமன்றத்தில் எதிர்க்கவும் வழியில்லை. வெர்னியர் அளவியின் சுழிப்பிழையைப் பார்க்கக் கூடாது என்று விதித்துவிட்டு அளப்பது போன்றது இது. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீங்க 1947 ஆயிற்று.

மறைவான சாய்வை அளக்க அமெரிக்க உளவியலார் மூவர் 1998இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். எந்தப் பெயரோடு எந்தச் சொல்லை நம் மனம் விரைந்து இணைக்கிறது என்பதை மில்லிவினாடிகளில் கணக்கிடுவது அது. ஒரே ஆளுக்கே மறுமுறை செய்தால் மதிப்பெண் மாறிவிடுவதால், தனிமனிதரை எடைபோட அதை நம்புவதற்கில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் எழுத்தோடு ஒப்பிடும் பழைய முறையே எனக்குப் போதுமானதாகப் படுகிறது.

சென்ற ஆண்டு கட்டுரைப் போட்டிக்கு ஒரு மாணவர் கள்ளர் பற்றிய அந்தப் பக்கத்தை அப்படியே எழுதி வந்தார். அடியில் ‘ஆதாரம்: தர்ஸ்டன், 1909’ என்றிருந்தது. ‘1817’ என்று திருத்திக் கொடுத்தேன்.