ஜிரோவின் மனைவி எங்கே?

டேவிட் கெல்ப் இயக்கிய ‘ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி’ (2011) ஆவணப்படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். தோக்கியோ கின்சாவில் பத்தே இருக்கைகள் உள்ள கடை. ஆக்டோபஸை 40, 50 நிமிடம் கையாலேயே பிசைகிறார்கள். முட்டை சுஷி பழகும் சீடர் 200 தடவைக்கு மேல் செய்து தோற்ற பிறகுதான் ஜிரோ தலையாட்டுகிறார். பொறியாளனான எனக்கு இதெல்லாம் வேதவாக்கு.

போன சனிக்கிழமை அவளோடு பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சுஷி கடை. வேலை முடிந்து நான் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் தாமதம். சமாளிக்க வேண்டுமே! எதிரே சுற்றிய தட்டுகளைக் காட்டி, இந்தச் சுழல்பட்டை 1958-இல் ஒசாகாவில் வந்தது, பீர் தொழிற்சாலையைப் பார்த்துப் பிறந்த யோசனை என்று ஆரம்பித்து ஜிரோவில் வந்து நின்றேன்.

அவள் சால்மன் தட்டை எடுத்து வைத்தாள். “அந்தப் படத்துல அவரு வைஃப் எங்க?”

மகன்கள் பேசுகிறார்கள். மீன் வியாபாரி, அரிசி வியாபாரிகூடப் பேசுகிறார்கள். மனைவி பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தூங்கும் அப்பாவைப் பிள்ளை யாரோ அந்நியர் என்று நினைத்ததை ஜிரோ சொல்லும்போது மூன்று முறையும் சிரித்திருக்கிறேன். கெல்பும் அங்கே நிற்காமல் மீனுக்குப் போய்விடுகிறார். ஒளிப்பதிவு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உழைப்புக்கு வீட்டில் யார் விலை கொடுத்தார் என்று படம் கேட்கவே இல்லை. நானும்தான்.

ஜிரோ கடையில் சிலர் 15 நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவார்களாம். எங்களைக் கடை மூடும் நேரத்தில்தான் எழுப்பினார்கள். பதினான்கு தட்டு.