கரும்பொருளும் கருப்பொருளும்

புதிய அறிவியல் ஒரு மொழிக்குள் புகும்போது பெயரே முதலில் வந்து சேர்கிறது. பெயர் பிழைபடின் கருத்தும் பிழைபடும். துடிவிண்மீன்களைக் கடிகாரமாகக் கொண்டு ‘அல்ட்ராலைட் டார்க் மேட்டர்’ தேடும் ஆய்வைப் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றை நோக்குவார்க்கு இவ்வுண்மை நன்கு புலப்படும்.

முதற்கண் ஆய்வின் இயல்பு. விண்மீன் மண்டலங்கள் சுழலும் விரைவுக்குக் கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் போதாது. புலனாகாத பொருள் ஒன்று உண்டு என்பது அறிஞர் துணிபு. அது மிக மிக எடை குறைந்த துகள்களால் ஆனதாயின், அவை ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளமுள்ள அலைகளாய்ப் பரவி நிற்கும். அவ்வலைகளால் ஈர்ப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடியும் குறைந்தும் வரும். துடிவிண்மீனின் கதிர்கள் இம்மியளவு முந்தியும் பிந்தியும் புவியை அடையும். 2014-ஆம் ஆண்டில் கிமெல்னிட்ஸ்கி, ருபக்கோவ் என்னும் இருவர் இக்கருத்தை வெளியிட்டனர். 2023-இல் ஐரோப்பியக் குழுவினர் பல்லாண்டு அளவீடுகளை ஆராய்ந்து, அத்தகைய தடம் இல்லையென்றும், ஒரு குறிப்பிட்ட எடை வரம்பிலுள்ள துகள்களே அப்பொருள் முழுவதுமாக இருத்தல் இயலாதென்றும் அறிவித்தனர். உதகைக்கு அருகே முத்தொறையில் 1970-இல் அமைந்த 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கியும் துடிவிண்மீன்களை நோக்கி வந்துள்ளது. ஆதலின் இத்துறை தமிழ் மண்ணுக்கு அயலன்று.

இனிச் சொற்கள். ‘துடிவிண்மீன்’ நல்ல ஆக்கம். உண்மையில் அவ்விண்மீன் துடிப்பதில்லை, சுழல்கிறது. ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்தின் ஒளி மாலுமிக்கு விட்டுவிட்டுத் தெரிவது போல, அதன் கதிரும் விட்டுவிட்டு வந்து சேர்கிறது. எனினும் காண்பார்க்குத் தோன்றும் தோற்றத்தைச் சொல் உள்ளவாறு உரைக்கிறது. துடி என்னும் பறையின் ஒலியும் அதில் உடன்கேட்பது தனிச்சிறப்பு.

‘கரும்பொருள்’ அத்தகையதன்று. கரியது ஒளியை உறிஞ்சும், நிழல் தரும். இப்பொருளோ ஒளியை உமிழ்வதுமில்லை, உறிஞ்சுவதுமில்லை; ஒளி அதனூடே தடையின்றிச் செல்லும். இங்குச் சொல் காண்பாரை ஏமாற்றுகிறது. ஆங்கிலப் பெயரிலுள்ள குறை அப்படியே தமிழுக்கும் வந்துவிட்டது எனலாம்.

இதனினும் பெரும் பிழை, சிலர் அதனைக் ‘கருப்பொருள்’ என எழுதுவது. தெய்வமும் உணவும் மரமும் புள்ளும் பறையும் யாழும் அகப்பொருள் இலக்கணத்தில் கருப்பொருளாம். கருமை + பொருள் கரும்பொருள். கரு + பொருள் கருப்பொருள். மெய்யெழுத்து ஒன்றே வேறுபாடு. பொருளோ விண்ணுக்கும் மண்ணுக்கும் உள்ள தொலைவு. ‘அல்ட்ராலைட்’ என்பதை ‘மீமெல்லிய’ எனல் மற்றொரு வழு. மென்மை வேறு, எடைக்குறைவு வேறு. ‘மிக நொய்ய’ என்பதே பொருந்தும்.

சிங்கப்பூரில் இஃது அறிஞர்தம் சொற்போராக மட்டும் நின்றுவிடுவதில்லை. தமிழ்வழிப் பள்ளிகளில் இறுதியாக எஞ்சிய உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982-இல் மூடப்பெற்றது. அதன் பெயர் தாங்கிய தமிழ்மொழி நிலையம் சிராங்கூன் சாலையை அடுத்த பீட்டி சாலையில் மொழி கற்பிக்கிறது. அறிவியலை மாணவர் ஆங்கிலத்திலேயே பயில்கின்றனர். அவர்கள் தமிழில் அறிவியலைச் சந்திக்கும் இடம் பெரும்பாலும் செய்தித்தாளும், கருத்தறிதல் பகுதியுமே. அங்கே சொல் பிழைத்தால், இயற்பியல் வகுப்பில் கற்றதோடு அது மோதும். தமிழ் சிந்தனைக்கு ஆகாத மொழி என்னும் முடிவுக்கு அம்மாணவன் வருதல் எளிது.

கரும்பொருள் என்பது வேரூன்றிவிட்ட சொல். இனிப் பெயர்த்தெறிதல் அரிது. ஆயின் முதன்முறை ஆளும்போது ‘ஒளி தொடாத பொருள்’ என்று ஒரு விளக்கம் சேர்த்தல் ஆசிரியர்க்கும் எழுத்தாளர்க்கும் கடன். கருப்பொருளை அதன் திணைக்கே விட்டுவிடுதல் அதனினும் முந்திய கடனாம்.