கறையை வெட்டிய நீலம்

காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் உருவம் எழும். சிறுபிள்ளைகளுக்கும் தெரிந்த வித்தை. 1925 ஆகஸ்டில், பிரான்சின் கடற்கரை ஊரான போர்னிக்கில், விடுதி அறையின் தேய்ந்த தரைப்பலகைகள் மீது ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் செய்ததும் அதுதான். ஃப்ரொத்தாஜ் என்று அதற்குப் பெயர். சர்ரியலிசம் என்பது அறிவின் கட்டுப்பாடற்ற தூய உளத் தன்னியக்கம் என்று அதற்கு முந்தைய ஆண்டுதான் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் வரையறுத்திருந்தார். அந்த இலக்கணம் ஓவியத்திலும் நிறைவேறிவிட்டது, ஓவியன் இனி தன் படைப்பின் பிறப்பைப் பார்த்து நிற்பவன் மட்டுமே என்பது எர்ன்ஸ்டின் வாதம்.

அவருடைய படங்களே இதை மறுக்கின்றன. 1926இல் வெளிவந்த 'இயற்கை வரலாறு' தொகுப்பின் 34 படங்களில் மரத்தின் ரேகை கடலாகிறது, இலை மரமாகிறது. ரேகை தானாக வந்தது, சரி. அது எங்கே நிற்க வேண்டும், தொடுவானம் எவ்வளவு தாழ வேண்டும் என்பதைத் தீர்மானித்தது யார்? தேய்க்கும் கை கண்ணை மூடிக்கொள்ளலாம். நிறுத்தும் கையால் முடியாது.

அடுத்து வந்தது, எண்ணெய் வண்ணத்தைச் சுரண்டி எடுக்கும் கிராத்தாஜ். அந்த உத்தியில் அவர் தீட்டிய முதல் சில காடுகள் அச்சுறுத்துகின்றன. பிறகு அதே காடு, அதே வட்ட நிலா. உத்தி வெறும் பாணியாகச் சுருங்கியது.

டிகால்கமேனியாவில்தான் தற்செயலுக்கும் கைக்கும் இடையிலான வழக்கு கூர்மையாகிறது. ஈர வண்ணத்தின் மேல் இன்னொரு தாளை அழுத்திப் பிரித்தெடுக்கும் இந்த முறையை 1930களின் நடுவில் சர்ரியலிஸ்டுகளிடையே பரப்பியவர் ஆஸ்கார் தொமிங்கெஸ். முன்கூட்டி நினைத்த பொருள் எதுவும் இல்லை என்பதே அப்படிக் கிடைத்த கறைகளின் பெருமை. அழகானவைதான், ஆனால் பத்தைப் பார்த்தபின் பதினொன்றாவதில் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

இதே உத்தியை எண்ணெய் வண்ணத்துக்குக் கொண்டுவந்து, எர்ன்ஸ்ட் 1940 முதல் 1942 வரை தீட்டியது 'மழைக்குப் பின் ஐரோப்பா II'. போர் மூண்டபோது, ஜெர்மானியர் என்பதால் பிரான்ஸ் அவரை முகாமில் அடைத்தது; பிரான்சில் தொடங்கிய படம் அமெரிக்காவில் முடிந்தது. இதே தலைப்பில் 1933இல் பிளைவுட்டில் சாந்தும் எண்ணெயும் கொண்டு அவர் செய்த முதல் படம், ஐரோப்பாவின் உருக்குலைந்த வரைபடம். கருத்து உடனே புரிகிறது, அதோடு முடிந்தும் போகிறது. இரண்டாவதில் கருத்துக்கு முன்பே படத்தின் தோல் நம்மைத் தொடுகிறது: புரையோடிய பாறையா, அழுகிய சதையா என்று சொல்ல முடியாத துளைகள். எந்தத் தூரிகையாலும் இதை வரைந்துவிட முடியாது என்பதைத் தற்செயலின் பக்கம் வரவு வைக்கத்தான் வேண்டும்.

ஆனால் மேலே பாருங்கள். தெளிந்த நீல வானத்தைத் தூரிகையால் தீட்டி, கறையின் மீதே படரவிட்டு, இடிபாடுகளின் விளிம்பை அந்த நீலத்தால் வெட்டி எடுத்திருக்கிறார். நீலம் எங்கே நின்றதோ அங்கேதான் தூண் தொடங்குகிறது. பிரெத்தோனின் கோட்பாடு இந்தப் படத்தில் தோற்றது. அப்படித் தோற்றதால்தான் இது சர்ரியலிச இயக்கத்தின் மிகப் பெரிய படங்களுள் ஒன்று என்பேன். நடுவில் ஈட்டியோடு நிற்கும் பறவைத் தலையனும் அவனருகே நமக்கு முதுகு காட்டி நிற்கும் பெண்ணும் கறையில் தாமாக முளைத்தவர்கள் அல்லர்.