நகைக்கப்பட்ட நெசவாளி

கெட்ட பாட்டு தானே மடிந்துபோகும் என்பர். ஸ்காட்லாந்திலே டண்டீ நகரில் வாழ்ந்த கைத்தறி நெசவாளி வில்லியம் மக்கானகலின் பாட்டுகளோ, அவர் 1902-இல் வறுமையில் மாண்ட பின்னும் மாளவில்லை.

1879 டிசம்பர் 28-ஆம் நாள் புயலில் டே ஆற்றுப் பாலம் இடிந்து, ஒரு புகைவண்டி ஆற்றில் வீழ்ந்தது. அதிலிருந்தோர் ஒருவரும் தப்பவில்லை. அத்துயரை அவர் பாடினார். அடிகள் அளவின்றி நீண்டன. இரங்கற்பா, பாலம் கட்டும் முறையைப் பற்றிய உபதேசமாய் முடிந்தது. அழவேண்டிய இடத்தில் உலகம் நகைத்தது.

காரணம் யாது? பிழை மட்டுமன்று, பிழை மலிந்த பாட்டுகள் எத்தனையோ மறைந்தொழிந்தன. துயரத்தின் கனத்துக்கும் சொல்லின் மெலிவுக்கும் இடையேயுள்ள தூரமே நகைப்பைத் தருகிறது. அவர் நடிக்கவில்லை; மனமாரப் பாடினார். ஆதலின் அப்பாட்டைப் போலி செய்வது அரிதாயிற்று.

ஆயினும், மேடையில் நின்ற அவர்மீது சபையோர் அழுகிய முட்டைகளை வீசினர். பாட்டைக் கேட்டு நகைப்பது ரசனை. பாடிய ஏழைமேல் எறிவது கொடுமை. வீதியில் சில காசுக்கு அவர் விற்ற பாட்டுத்தாள்களில் 35, 2008-இல் ஏலத்தில் 6,600 பவுனுக்கு விலைபோயின!

அன்பர்களே, பிழையைப் பிழையென்றே சொல்லுவோம். பாட எழுந்தவனை அடித்து உட்காரவைக்க வேண்டா.